இரண்டாவது ஃபோர்க்

குழாய்க்காரர் மூடிய பாட்டிலைக் குழாய்க்காரரைத் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது. எண்ணெய் பாட்டிலோ இருமல் மருந்தோ, அவர் கை பட்டால் சீல் வைத்த மாதிரிதான். அவர் மனைவி கல்யாணமான புதிதில் துணியைச் சுற்றித் திருகிப் பார்த்தாள், வெந்நீரில் காட்டிப் பார்த்தாள். பிறகு, அவர் வேலைக்குக் கிளம்பும் முன் அன்றைக்கு வேண்டிய பாட்டில்களை வரிசையாக நிறுத்தித் திறந்து வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டாள். "ஒழுகக் கூடாது இல்ல?" என்பார் அவர். முப்பது வருஷமாகக் குழாய் மாட்டுகிறவருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான். ஒழுகுவது, ஒழுகாதது.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வருகிறவர்களின் கையைத் தடவி, நரம்பைக் கண்டுபிடித்து, ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். "இங்க பாக்காதீங்க, அந்தச் சுவத்தப் பாருங்க. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்" என்பாள். மலை மாதிரி ஆட்கள்கூட அவளிடம் நல்ல பிள்ளையாகக் கையை நீட்டிவிட்டுப் போவார்கள். இப்படி வருகிறவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள், தன் வீட்டில் ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிவிட்டு அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

பொய்க்குக் காரணம் ஒரு சைக்கிள். அவள் தம்பி சைக்கிள் கடை வைத்திருக்கிறான். சில வருஷங்களுக்கு முன்னால், ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும் விரல் தடிமன் டயருமாக ஒரு ரோடு பைக்கைக் கொண்டுவந்து, "அக்கா, ஓட்டிப் பாரு, பிடிக்கலன்னா திருப்பிக் குடு" என்று விட்டுப் போனான். சைக்கிள் திரும்பிப் போகவே இல்லை. ஞாயிறு விடிந்தால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, அந்தப் பக்கத்துச் செங்குத்தான சரிவில் காற்றாக இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்கு வரும்போது அவள் முகத்தில் பத்து வயது குறைந்திருக்கும்.

குழாய்க்காரர் சைக்கிள் பக்கம் போகமாட்டார். ஆனால் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. அந்தச் சைக்கிளுக்கு அவர் வைத்த பெயர் 'சின்னவர்'. "சின்னவரக் குளிப்பாட்டி, தொடச்சு, எண்ணெய் எல்லாம் போட்டாச்சு. பெரியவருக்கு ஒரு டீ கெடைக்குமா?" என்று வாசலில் நின்று கேட்பார். வாடிக்கையாளர்களிடம் போய், "எங்க வீட்டம்மா இறக்கத்துல பறப்பா பாருங்க, நமக்கு இங்க வயித்தக் கலக்கும்" என்று அளந்துவிட்டு வருவதும் அவர்தான்.

போன மழைக்காலத்தில், சரிவின் நடு வளைவில், ஈர இலைமேல் சக்கரம் வழுக்கிக் கீழே விழுந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, டாக்டரும் "இனிமே தாராளமா ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவள் கிளம்பி மேட்டு உச்சிவரை போனாள். கீழே பார்த்தாள். இரண்டு கையும் பிரேக்கைப் பிடித்த பிடி விடவில்லை. பாதையில் ஒரு காய்ந்த இலைகூட இல்லை, ஆனாலும் முடியவில்லை. சைக்கிளைத் திருப்பி, ஏறி வந்த சாதுவான பக்கமாகவே தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

"என்ன, இவ்ளோ சீக்கிரம்?" என்றார் வாசலில் இருந்தவர்.

ஊரெல்லாம் 'பறப்பா' என்று சொல்லி வைத்திருக்கும் மனிதரிடம் பயம் என்று சொல்ல வாய் வரவில்லை. "ரோடு ஒரே குலுக்கலுங்க. கை மரத்துப் போகுது" என்றாள்.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். கட்டிய புருஷனைப் பற்றி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவளுக்குத் தெரியாதது அதுதான். ஒரு சுவரில் ஈரம் என்று சொல்லிவிட்டால், கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை சோறு இறங்காத ஆள் அவர். நேராக மச்சான் கடைக்குப் போனார். மச்சானும் விஷயத்தைக் கேட்டு, முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கிறதே, அந்த ஃபோர்க்கைக் காட்டினான். இது அலுமினியம் மாமா, ரோட்டில் இருக்கும் குலுக்கல் எல்லாம் இதன் வழியாக நேராகக் கைக்கு வரும், கார்பன் ஃபோர்க் மாட்டினால் பாதியை அதுவே விழுங்கிவிடும் என்றான். பேரம் அங்கேயே படிந்தது. மாமா கடையின் பாத்ரூமைப் புதுசாக்கித் தருவது, மச்சான் ஃபோர்க் தருவது.

அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "தூக்கிப் பாரு, தூக்கிப் பாரு" என்று கறுப்பாக, பளபளவென்று இருந்த அதை அவள் கையில் கொடுத்தார். ஒன்றுமே இல்லாத மாதிரி கனம். "இந்தா, இனிமே ரோடு பஞ்சு மெத்தைதான் உனக்கு" என்றார். அவள் "நல்லா இருக்குங்க" என்று மென்று விழுங்கினாள்.

ஃபோர்க்கின் மேல் தண்டை அளவாக வெட்டித் தந்தது தம்பி. மாட்டுவதை மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுக்கமாட்டேன் என்று குழாய்க்காரர் பிடிவாதம் பிடித்தார். முன்னறையில் பழைய பேப்பரை விரித்து, சைக்கிளை நிறுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டார். அவள் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, இது குழாய் இல்ல. ஞாபகம் வச்சுக்கோங்க" என்றது தம்பியின் குரல். "தண்டப் புடிக்கிற ஹேண்டில்பார் கிளாம்ப முறுக்கும்போது நான் குடுத்த ஸ்பேனராலதான் முறுக்கணும். அளவு வந்ததும் டிக்னு சொல்லும். சொன்னா கைய எடுத்துடணும்."

"சரி மச்சான், முப்பது வருஷமா முறுக்கறவன்கிட்ட முறுக்கச் சொல்லித் தர்ற."

"அதனாலதான் மாமா சொல்றேன்."

ஸ்பேனர் டிக் என்றது அவளுக்கும் கேட்டது. பிறகு ஒரு நொடி ஒன்றுமில்லை. அதன் பிறகு, காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி, சின்னதாக ஒரு சத்தம்.

அவள் கத்தியை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மச்சானின் ஸ்பேனர் ஒரு பக்கம் கிடந்தது, கையில் இருந்தது அவருடைய சொந்த ஸ்பேனர். "ஒரே ஒரு அரைச் சுத்துதான்... லூசா இருக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார்.

"ஒழுகிடும்னு பயந்தீங்களா?" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கறுப்புத் தண்டில் மயிரிழையாக ஓடிய விரிசலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"சத்தம் கேட்டதால தெரிஞ்சுது. கேக்காம உள்ளுக்குள்ளயே விரிஞ்சிருந்தா? நீ இதுல ஏறி அந்த இறக்கத்துல வந்திருப்ப."

கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும்போதுகூட அவர் இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை. இப்போதே சொல்லிவிடு என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. ஆனால் வந்த வார்த்தை வேறாக இருந்தது. "விடுங்க. எனக்கு இந்தச் சைக்கிளே வேணாம்" என்றாள்.

"யாரு, நீ சொல்றியா வேணாம்னு?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "போ, போய் வேலையப் பாரு."

மறுபடி கடைக்குப் போனார். இந்த முறை ஃபோர்க்குக்கு விலை, மச்சான் வீட்டு மொட்டை மாடித் தொட்டியும் அதன் குழாய் வரிசையும். வெயிலில் கறுத்துப்போய் வந்தார். கூடவே அந்த டிக் ஸ்பேனரையும் இரவல் வாங்கி வந்துவிட்டார். சாயங்காலம் தன் வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வீணான குழாய்த் துண்டுகளில் கிளாம்ப் மாட்டி முறுக்கிப் பழகினார். அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்ல, மெல்லத் திருப்புவார். டிக். சுட்டுவிட்ட மாதிரி கையை எடுத்துக்கொள்வார். மறுபடி கழற்றுவார். மறுபடி முறுக்குவார். வாய் ஏதோ முணுமுணுக்கும்.

அந்த வாரம் வீட்டில் எல்லாப் பாட்டில்களும் தொட்டவுடன் திறந்தன. எண்ணெய் பாட்டில் ஒன்று சரியாக மூடாமல் சாய்ந்து அலமாரியெல்லாம் வழிந்தது. அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு மனிதர் தன் வாழ்நாள் பழக்கத்தை அவளுக்காக விரல் விரலாகக் கழற்றிக்கொண்டிருக்கிறார், அதுவும் இல்லாத கோளாறுக்காக. இதற்கு மேல் அந்தப் பொய்யைச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் இப்போது சொன்னால், அவர் பட்ட பாடு அத்தனையும் வீண் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால் சைக்கிளில் ஏறியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நாட்களை ஓட்டினாள்.

இரண்டாவது ஃபோர்க் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறியது. தம்பி வந்து முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், தட்டிப் பார்த்தான். "பாஸ் ஆயிட்டீங்க மாமா. நானே இவ்ளோ சுத்தமா மாட்டியிருக்க மாட்டேன்" என்றான். குழாய்க்காரர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி மூக்கைத் தடவிக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. "நான் வேன எடுத்துட்டு சரிவுக்குக் கீழ வந்து நிக்கறேன். எப்படி இருக்குன்னு எறங்கின உடனே எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்" என்றார்.

அவள் கிளம்பினாள். ஃபோர்க்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குண்டும் குழியுமான கடைத்தெருவே வழுவழுவென்று போனது. இல்லாத வியாதிக்கு என்ன நல்ல மருந்து என்று நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூச்சு வாங்க மேட்டில் ஏறி, தொட்டிச் சுவரின் ஓரம் காலை ஊன்றி நின்றாள்.

கீழே, சரிவு முடிகிற இடத்தில், சின்னதாக வேன் தெரிந்தது. பக்கத்தில் நெற்றிமேல் கையை வைத்து அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நடு வளைவும் தெரிந்தது. அன்றைக்கு மாதிரியே அவள் கைகள் பிரேக்கை இறுக்கின. ஒரு நாய் அவளைக் கடந்து சாவகாசமாகக் கீழே இறங்கிப் போனது. அவளுக்கு அந்த நாயின்மேல் பொறாமையாக இருந்தது.

போன் அடித்தது.

"என்னம்மா, ஃபோர்க்ல ஏதாவது சத்தம் வருதா?"

"ஃபோர்க் நல்லா இருக்குங்க."

"கை மரத்துப் போச்சா?"

"இல்லீங்க." அவள் குரல் உடைந்தது. "கை மரத்துப் போகவே இல்ல. அன்னிக்கும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. விழுந்ததுல இருந்து பயம். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

கீழே அவர் நெற்றியிலிருந்து கையை இறக்கியது தெரிந்தது.

"தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"கை மரத்துப் போனவ தெனம் அத்தன பேருக்கு ஊசி குத்த முடியுமா? ஊரே ரெண்டாயிருக்கும்."

"தெரிஞ்சுமா இவ்ளோ பாடு பட்டீங்க? ஒண்ண ஒடச்சு, வெயில்ல நின்னு, ரெண்டாவது வாங்கி..."

"பயத்துக்கு எதக் கழட்டி எத மாட்டணும்னு எனக்குத் தெரியல. என் கைக்குத் தெரிஞ்சது இதுதான். அதச் செஞ்சேன்."

அவள் அங்கேயே நின்று, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்றை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று இருந்தது அவளுக்கு.

"வேன மேல கொண்டாரவா? சின்னவரத் தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார்.

"வேன் வேணாம். நீங்க வாங்க."

"இந்த மேட்டுலயா? நடந்தா?"

"ஆமா."

வந்தார். மாடிப்படி ஏறினாலே இளைக்கிறவர், இடுப்பில் கை வைத்து, நடு வளைவில் நின்று, மூச்சு வாங்குவது தெரியக் கூடாதென்று ஓரச் சாக்கடையைக் கவனமாக ஆராய்ச்சி செய்துவிட்டு, ஒரு வழியாக மேலே வந்து சேர்ந்தார். அழுத முகத்தைப் பார்த்தார். சைக்கிளைத் தொடவில்லை.

"போலாமா?" என்றார்.

அவள் பெடலில் காலை வைத்தாள். பிரேக் முனக, நடக்கிற வேகத்தில் சக்கரம் உருண்டது. அவர் பக்கத்திலேயே வேலைக்குப் போடும் கனத்த ஷூவோடு தொம் தொம்மென்று ஓடி வந்தார். வளைவு வந்தது. அவள் நின்றுவிட்டாள். அவரும் நின்றார்.

"புடிச்சுக்கவா?"

"வேணாம். கூட வாங்க, போதும்."

"வரேன். நீ போ."

அவள் மூச்சை இழுத்துவிட்டு, விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். சக்கரம் உருண்டது. வளைவு தானாகவே திரும்பியது. காற்று காதில் ஏறியது, பாதை கீழே விழுந்துகொண்டே போனது, பழைய சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வாய்வழியே ஒரு கத்தலாக வந்தது. வேனைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்த முடிந்தது.

"எறங்கிட்டேங்க!" என்று திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை. அவர் அங்கே, வளைவுக்கு மேலேயே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து இளைத்துக்கொண்டிருந்தார். ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

அவள் சைக்கிளைத் திருப்பி, கியரைக் குறைத்து, அவரைக் கூட்டிவர மேட்டில் மிதித்தாள். மேலே போனால் மறுபடி இறங்கித்தான் ஆக வேண்டும் என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. அப்போதும் அவள் நிற்கவில்லை.