இன்று இல்லாதவர்கள்

அம்மாவின் ஈரத் தலையை மகள் துவட்டிக்கொண்டிருந்தபோது அருங்காட்சியக அதிகாரி மலர்வளையத்தோடு உள்ளே வந்தார். விடியற்காலையில் பிரிந்த உயிர். பிற்பகலுக்குள் எடுத்தாக வேண்டும். பஸ் ஓட்டும் அண்ணன், டிப்போ சட்டையைக்கூட மாற்றாமல் எழுந்து நாற்காலி போட்டான்.

"முப்பது வருஷம்மா. உங்கம்மா துடைச்ச கண்ணாடியில ஒரு கைரேகை பார்க்க முடியாது." அவர் சொன்னதில் நடிப்பில்லை. "போன மாசம் இந்த நாட்டு இனங்களைப் பத்திப் பெரிய கூட்டம் நடந்துச்சே, அத்தனை பேருக்கும் அவங்கதான் தண்ணி கொடுத்தாங்க."

அந்தக் கூட்டத்தைப் பற்றி அம்மா சொல்லியிருந்தாள். யார் எப்போது வந்து குடியேறினார்கள், யார் யாரை ஒதுக்கினார்கள் என்று பொழுது சாயும்வரை பேசினார்களாம். எல்லோருக்கும் முன்பே இந்த மண்ணில் இருந்தவர்களைப் பற்றி மட்டும் பேச்சு மூச்சில்லை. அவர்களுக்கென்று கடைசி அறையில் ஒரு கூடையும் ஒரு பலகையும் இருந்தன. 'இம்மக்கள் இன்று இல்லை.' தினமும் அதைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "இன்னைக்கும் என்மேல இருந்த தூசியைத் தட்டிட்டு வந்தேன்டி" என்று அம்மா சிரிப்பாள்.

"கடைசி அறையில இருக்கிறது எங்கம்மாவோட ஜனங்க சார்," என்றாள் மகள்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். வேண்டாம் என்று அர்த்தம். டிப்போவில் இருபது வருஷமாக அவன் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"அடடா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னாங்க சார். பலகை மாட்டின அன்னைக்கே. வேடிக்கைக்குச் சொல்றாங்கன்னு நீங்க சிரிச்சிட்டீங்களாம்."

அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். "நிஜமாவா தம்பி?"

வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன் அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டு, "போகலாம்மா" என்றான். அம்மாவின் மொழியில் சொன்னான். அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். சின்ன வயதிலேயே அவன் அதை மறந்துவிட்டான் என்றுதான் மகள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

தூக்க நாலு பேர் வேண்டும். அண்ணன், மகள், எதிர்வீட்டுத் தச்சர். அதிகாரி மலர்வளையத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து, நாலாவது முனையில் தோள் கொடுத்தார்.

"பார்த்து சார், வாசல்ல மூணு படி."

அவர் குள்ளம். அண்ணன் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தன் பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டான்.