வழியனுப்ப வந்த வேன்

சார்ஜாவுக்குப் போகிறவர்கள் நானும் மனைவி நசீராவும். ஏர்போர்ட் வேனில் ஏறியவர்கள் பதினோரு பேர். பாலக்கரையில் வெளிநாடு கிளம்புகிறவனைத் தனியாக விட மாட்டோம். வழியில் மனம் மாறித் திரும்பிவிடுவான் என்ற பயமோ என்னவோ.

அங்கே மகள் இக்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம். பேத்தியைப் போனில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மருமகன் அனுப்பிய புது ஷூவில் வலது கால் நுழைந்தது, இடது நுழையவில்லை. முந்தின நாளே கெண்டைக்கால் வீங்கி வலித்தது. சொன்னால் பயணம் கெடும் என்று கைலிக்குள் மறைத்துவிட்டேன். இப்போது பேன்ட்டும் செருப்புமாக, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

"என்ன மச்சான், ஷூவுக்குக் கால் வலிக்குதா, தூக்கிட்டு வர்றீங்க?" என்றான் நசீராவின் தம்பி நஸ்ருல்லா. செருப்புக்கடைக்காரன்.

"டேமேஜ் பீஸ். இடது ஷூ சின்னது."

இரண்டையும் அடியோடு அடி சேர்த்துப் பார்த்தான். "ஷூவெல்லாம் சரியாத்தான் இருக்கு. காலைக் காட்டுங்க."

காட்டினேன். வேனே எட்டிப் பார்த்தது.

"சுளுக்குதான். ஒரு தேய் தேய்ச்சா ஓடிடும்." தைல பாட்டிலைத் திறந்தான்.

நசீரா என் முகத்தைப் பார்த்தாள். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

போன வருடம் என் ரத்தத்தில் வேண்டாத புரதம் ஒன்று இருப்பது தெரிந்தது. புற்றுநோய் இல்லை, பின்னால் ஆகலாம், நிறையப் பேருக்கு ஆவதே இல்லை. ஆனால் ரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே வாருங்கள் என்றார் ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரியின் டாக்டர் பெலிண்டா. நான் 'இல்லை' வரைக்கும் கேட்டுவிட்டு மிச்ச நேரம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நசீரா முழுசும் கேட்டிருக்கிறாள்.

ஸ்பீக்கரில் டாக்டரைப் பிடித்தாள். "ஒரு கால்தான் டாக்டர். தம்பி தைலம் தேய்க்கப் போறான்."

"ஐயோ, கையை எடுக்கச் சொல்லுங்க! ரத்தக்கட்டி இருந்து, அது கிளம்பி நுரையீரலுக்குப் போயிட்டா? நேரா இங்க வாங்க."

நஸ்ருல்லா சூடான தோசைக்கல்லைத் தொட்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான்.

"நாலு மணி நேர பிளைட்தானே டாக்டர்? போயிட்டு வந்து..."

"மாலிக் சார், பேத்தியைப் பார்க்கணுமா, வேணாமா?"



"வண்டியைத் திருப்புப்பா," என்றாள் நசீரா.

"ஏர்போர்ட் பார்ட்டியை ஸ்ரீரங்கத்துக்குத் திருப்பறது இதான் முதல் தடவை பாய்," என்றபடி டிரைவர் வளவன் டோல்கேட்டில் வளைத்தார்.

காவிரிப் பாலத்தில் வழக்கமான நெரிசல். மூச்சை இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருடம் அது பாட்டுக்கு வந்து போன மூச்சு, அன்றைக்குத்தான் விசாரித்தேன்.

ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்கட்டி இருந்தது. உடனே ஊசி, மாசக்கணக்கில் மாத்திரை, டாக்டர் சொல்லும்வரை விமானம் கிடையாது. வராந்தாவில் வேன் கூட்டம் இக்ராவுக்காகக் கட்டிய பிரியாணியைப் பிரித்துவிட்டது.

"நீயாவது போயிருக்கலாம்," என்றேன்.

"போய்? அங்க உட்கார்ந்து உங்க காலை நினைச்சுக்கிட்டிருக்கவா?"

வீடியோவில் இக்ரா வந்தாள். "வரலையா அத்தா?"

"டோல்கேட் வரைக்கும் வந்தேம்மா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைக் குழந்தை பக்கம் திருப்பினாள். பேத்தி போர்வையை உதைத்துத் தள்ளினாள். அந்தக் கால்களையே பார்த்தேன்.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க?"

"ரெண்டும் ஒரே அளவு. அல்ஹம்துலில்லாஹ்," என்றேன்.

பிரியாணிக் கையோடு நஸ்ருல்லா போனுக்குள் எட்டிப் பார்த்தான்.

"நீங்க போறதுக்குள்ள பாப்பா கால் வளர்ந்துடும் மச்சான். ஷூ ஒரு சைஸ் பெரிசாவே எடுத்துத் தர்றேன்."