மாமியார் வீட்டில் கொசு இல்லை

அன்று காலை ஆறரை மணிக்கு ஏழாம் எண் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: கொசு பிடிக்கும் ஒக்வேனோ. அவனோடு முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வந்திருந்த அபோண்டி. வேலிக்கு வெளியே வண்டியின்மேல் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்த டிரைவர் ஒதேரா. வீட்டுக்காரி அகுமு. அவளுடைய இளைய மகள் அமோலோ, அவள் இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை. ஆறு கோழிகள். கொசுக்களும் இருந்தன. ஆனால் ஐந்து மாதமாக அவற்றின் எண்ணிக்கையைப் பூஜ்யம் என்றே ஒக்வேனோ எழுதிவந்தான்.

யார் யார் இருந்தார்கள் என்பதுதான் படிவத்தின் முதல் வரி. வீட்டுக்காரி என்ற கட்டத்தில் அகுமு என்று எழுத இடம் இருக்கிறது. அகுமு ஒக்வேனோவின் மாமியார் என்று எழுத இடம் இல்லை.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விடிந்ததும் ஜன்னலைச் சாத்த வேண்டும். தரையிலும் கட்டில்மேலும் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியே கூரை இடுக்கிலுமாக மருந்தடித்துவிட்டுக் கதவை மூடிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். துணியில் விழுந்து கிடப்பதை இடுக்கியால் பொறுக்கி எண்ண வேண்டும். கன்யோரோ ஊரில் இப்படிப் பத்து வீடுகள். பத்திலும் சேர்த்து, மலேரியா பரப்பும் பெண் அனாபிலிஸ் கொசு ஐம்பது தேறினால் பெருமழைக்கு முன்னால் ஊர் முழுக்கச் சுவருக்கு மருந்தடிக்க ஆள் வரும். தேறாவிட்டால் வராது. அவ்வளவுதான்.

ஒக்வேனோ இதற்கு முன்னால் இரவு வேலையில் இருந்தவன். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, காலில் வந்து உட்காரும் கொசுவைக் கடிப்பதற்குள் குழாயால் உறிஞ்சிப் பிடிக்கும் வேலை. இரண்டு வருஷம் செய்தான். தன் காலைத் தவிர வேறு எதையும் பார்க்காத வேலை அது. பகல் வேலைக்கு மாற்றியபோது கையில் பத்து வீடுகளின் பட்டியலைக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த வீடுகள். குலுக்கலுக்கு மாமியார் தெரியாது.

லூவோ இனத்து ஆம்பிளை எவனும் மாமியாரின் படுக்கையறைக்குள் கால் வைப்பதில்லை. அவள் கட்டிலைக் கண்ணால் பார்ப்பதும் இல்லை. பார்த்தால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்தது கிடையாது. ஒக்வேனோவும் சோதிக்கத் தயாராக இல்லை. முதல் மாதமே அவன் பெரிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்துச் சமையல் குடிசையில் துணி விரித்தான். அப்போது கூட வேலை செய்தவனும் அந்த ஊரிலேயே பெண் எடுத்தவன். அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிவத்தில் 'படுக்கையறை' என்ற இடத்தில் இருவரும் டிக் அடித்தார்கள். அடுத்த மாதம் அதுவே வழக்கமாகிவிட்டது.

இப்போது அவன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். அவன் இடத்துக்கு வந்தவள் அபோண்டி.

சமையல் குடிசையின் கதவைத் திறந்து துணியின் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கி வெயிலுக்குக் கொண்டுவந்தார்கள். அபோண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். இரண்டு ஈ. ஒரு கரப்பான். ஒரு சிலந்தி, அதுவும் பாதி உயிரோடு.

"அண்ணே, இங்க யாரு தூங்கறா?" என்றாள்.

ஒக்வேனோ மருந்துக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"படிவத்துல மூணு பேர் தூங்குனதா இருக்கு. உள்ள பார்த்தா மூணு அடுப்புக்கல்லுதான் இருக்கு. கல்லுங்களுக்கா கொசு கடிக்குது?"

"புகை இருக்குமில்ல. அதான் கொசு கம்மி."

"கம்மி இல்லண்ணே. ஒண்ணுமே இல்ல. அம்பது அடி தள்ளி செங்கல் அறுத்த குழி. குழி நிறையத் தண்ணி. அதுல புழு நெளியறது வண்டியில வரும்போதே தெரியுது. இந்த வீட்டுல மட்டும் அஞ்சு மாசமா பூஜ்யம்னா, கொசுவெல்லாம் விரதமா?"

வேலிக்கு அப்பாலிருந்து ஒதேரா குரல் கொடுத்தான். "மாப்ள! மத்தவங்க கணக்கெல்லாம் போயாச்சு. நம்மளுதுதான் பாக்கி. மருந்தடிக்கிற ஊர்ப் பட்டியல மத்தியானம் மூடுறாங்களாம். சிரோங்கா எழுபதத் தாண்டிருச்சு, அவங்களுக்கு மருந்து உறுதி. நமக்கு எவ்வளவு?"

"ஒம்பது வீட்டுக்கு முப்பத்திநாலு," என்றாள் அபோண்டி.

"அப்ப பதினாறு வேணும். அந்தச் சிலந்திய எட்டுக் காலுக்கு எட்டா எண்ணிப் பாருங்க."

ஒக்வேனோ சிரிக்கவில்லை. முப்பத்திநாலும் பூஜ்யமும் முப்பத்திநாலு. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிரோங்காவில் சுவரெல்லாம் மருந்து பூசி மழைக்குத் தயாராக இருப்பார்கள். இந்தப் பக்கம் மச்சினி அமோலோவின் பிள்ளைக்கு இந்த மாதத்தில் இரண்டு தடவை ஜுரம் வந்துபோயிற்று. இரண்டாவது தடவை சுகாதார நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனவன் ஒக்வேனோதான். அன்று ஊசி போட்டவள், 'உங்க ஊர்ல கொசு ரொம்பவா?' என்று கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். அது ஆமாவா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. பூஜ்யம் பூஜ்யமாகவே போகும். அவன் வேலை அவனுக்கு.

"நாங்க பெரிய வீட்டுக்குள்ள போனதே இல்ல," என்றான்.

"என்னது?"

"அஞ்சு மாசமும் இந்தக் குடிசையிலதான் அடிச்சோம். படுக்கையறைன்னு எழுதினது பொய்."

அபோண்டி அவனைப் பார்த்தாள், பெரிய வீட்டைப் பார்த்தாள், கோழிக்குத் தீனி போடுவதுபோல் பாவனை செய்துகொண்டு காதை இந்தப் பக்கம் வைத்திருந்த அகுமுவைப் பார்த்தாள். அபோண்டியும் லூவோதான், உயோமா ஊரில் பிறந்தவள். விளக்கம் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

"மாமியாரா?"

"ம்."

"மொத மாசமே சொல்லியிருந்தா வீட்டையோ ஆளையோ மாத்தியிருப்பாங்கல்ல?"

"என்னன்னு சொல்றது? ஆபீஸ்ல எல்லாரும் இருக்கற இடத்துல போய், மாமியார் கட்டிலப் பத்திப் பேசணும்னா?"

அகுமு தீனிச் சட்டியைக் கீழே வைத்தாள். நாற்பத்தெட்டு வயது. கணவன் தீவுப் பக்கம் மீன்பிடியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்தால் உண்டு. இவள் ஏரிக்கரையில் ஒமேனா மீன் வாங்கிக் காயவைத்து விற்கிறாள். மருமகனிடம் நேராகப் பேசமாட்டாள். அபோண்டியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஏம்மா, உயோமாக்காரி, அவருகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. என் அடுப்புப் புகையில அப்படி என்ன கொசு கிடைக்கும்னு மாசாமாசம் வந்து துணி விரிக்கிறாரு? அஞ்சு மாசமா எனக்கு அதான் யோசன. துணி துவைக்கத்தான் வர்றாரோன்னு நெனச்சேன்."

"அத்தைகிட்ட சொல்லு, தப்பு என்னோடதுதான்னு," என்றான் ஒக்வேனோ, கோழியைப் பார்த்துக்கொண்டு.

"தப்பு கிடக்கட்டும். இப்ப ஆகவேண்டியதப் பாரு. நேத்து ராத்திரி கொசு எங்க மூணு பேரையும் தூங்கவிடல. ஜன்னல இன்னும் திறக்கல. உள்ள போனா கிடைக்கும்."

"நான் உள்ள போறேன். ஆனா துணி விரிக்க, பிடிக்க, இன்னொரு ஆள் வேணும்," என்றாள் அபோண்டி. "அண்ணன் வெளிய கூரை இடுக்குக்கு மருந்தடிக்கலாம். அதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே?"

"என் கூரையத் தாராளமாப் பார்க்கட்டும். அதுக்குத் தகரம் வாங்கிக் கொடுத்ததே அவருதான்."

"அப்ப உள்ள?"

"உள்ள நான் வரேன். என் கட்டில நான் பார்த்தா குத்தமா?"

அமோலோ பிள்ளையோடு வேலிக்கு வெளியே போனாள். போகிறபோது, மருந்து படாமல் இருக்க, உள்ளே இருந்த ஒரு பானை சோளமாவையும் தூக்கிக்கொண்டு போனாள். அகுமுவுக்கு மூக்கை மூடத் துணி கொடுத்து, எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குத் துணி விரிப்பது என்று அபோண்டி காட்டினாள். இரண்டாவது தடவை சொல்லவேண்டி வரவில்லை. ஒக்வேனோ வெளியே சுவரைச் சுற்றி நடந்து, கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் மருந்தை அடித்தான். பின்பக்க ஜன்னலைக் கடக்கும்போது முகத்தைக் கள்ளி வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஜன்னல் மூடித்தான் இருந்தது. இருந்தாலும் திருப்பிக்கொண்டான்.

பத்து நிமிடம் நீண்டுகொண்டே போயிற்று. ஒதேரா வண்டிக்குள் ரேடியோ போட்டான். 'அணைச்சுத் தொலைடா' என்று ஒக்வேனோ கத்தினான். அணைத்தான்.

துணிகளைத் தூக்கிவந்து முற்றத்தில் வெயிலில் வைத்தார்கள். ஒக்வேனோ வேலியோரம் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"அண்ணே, இது ஆபீஸ் துணி. இதைப் பார்த்தா ஒண்ணும் ஆகாது," என்றாள் அபோண்டி.

"கட்டில்மேல கிடந்த துணி," என்றான் அவன், திரும்பாமல்.

எண்ணுவது காதில் விழுந்தது. "ஒண்ணு. ரெண்டு. இது ஆண், வேணாம். இறக்கையில புள்ளி இருக்கறதுதான் வேணும். மூணு." அபோண்டியின் குரல் மெதுவாகப் போயிற்று. நடுவில் அகுமுவின் குரல் புகுந்தது. "இங்க ஒண்ணு. மடிப்புல ரெண்டு. அதைத் தொடாதே, அது வேற சாதிக் கொசு, இறக்கையில புள்ளி இல்ல பாரு." ஒமேனாக் குவியலுக்குள் கிடக்கும் சிப்பியையும் பொடிமீனையும் இருபது வருஷமாகப் பொறுக்குகிற விரல்கள். இடுக்கியை அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஈர விரல் நுனியில் ஒற்றி ஒற்றி எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தாள்.

"பதினொண்ணு. வயித்தப் பாருங்க, முழுக்க ரத்தம்."

"எங்க ரத்தம்தான்," என்றாள் அகுமு. "இந்தச் சின்னக் கொசு என் பேரன் ரத்தமா இருக்கும்."

"பதிமூணு. பதினாலு."

அப்புறம் எண்ணிக்கை வரவில்லை. ஒரு துணியை உதறுகிற ஓசை. ஒக்வேனோ கள்ளியின் முள்ளை ஒவ்வொன்றாக ஒடித்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு?" என்றான் கடைசியில்.

"ரெண்டாவது துணிய இப்பத்தான் பிரிக்கிறோம். அவசரப்படாதீங்க. பதினஞ்சு."

"பதினாறு!" என்று வேலிக்கு வெளியே ஒதேரா கத்தினான். அவனும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றிருந்தான்.

எண்ணிக்கை இருபத்திமூன்றில் நின்றது. அகுமு துணியைத் திருப்பிப் பார்த்து இன்னும் ஒன்றைக் கண்டுபிடித்தாள். இருபத்திநாலு.

அபோண்டி படிவத்தை வண்டியின் முகப்பில் வைத்து எழுதினாள். பிறகு பழைய படிவங்களின் நகல் ஐந்தையும் எடுத்து, ஏழாம் எண் வீட்டு வரிசையை ஒவ்வொன்றிலும் அடித்து, 'சமையல் குடிசையில் பிடிக்கப்பட்டது, செல்லாது' என்று எழுதினாள். பேனாவை ஒக்வேனோவிடம் நீட்டினாள்.

"கையெழுத்து போட்டா உங்களைக் கூப்பிட்டுக் கேப்பாங்கண்ணே."

"கேக்கட்டும்."

ஐந்து இடத்தில் போட்டான். பசித்தது. அகுமு அமோலோவிடம் கொடுத்தனுப்பிய சூடான களியையும் வறுத்த ஒமேனாவையும் வண்டியின் பின்னால் நின்றபடியே மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பதினொன்றரைக்கு டவுன் ஆபீஸில் தாளைக் கொடுத்தார்கள்.

கூப்பிட்டுக் கேட்டார்கள். எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. கன்யோரோவின் பத்து வீடுகளும் சிரோங்காவில் கொசு பிடிக்கிறவனுக்கு, சிரோங்காவின் பத்து இவனுக்கு என்று மாற்றினார்கள். மாற்றும்போது, அங்கே எந்த வீட்டிலாவது உனக்கு மாமியார் முறை ஆகிறவர்கள் யாராவது உண்டா என்று கேட்டார்கள். அடுத்த மாதம் அச்சாகி வந்த படிவத்தில் அந்தக் கேள்வி ஒரு வரியாகவே ஏறியிருந்தது. படித்துவிட்டு ஒதேரா மூன்று நாள் சிரித்தான். அந்த வரியில் 'ஆம்' என்று முதலில் டிக் அடித்தவன் சிரோங்காக்காரன்.

மழை தொடங்க ஒரு வாரம் இருந்தபோது கன்யோரோவுக்கு மருந்தடிக்கும் ஆட்கள் வந்தார்கள். ஒக்வேனோவுக்கு அன்று அங்கே வேலை இல்லை. இருந்தும் வந்தான். முற்றத்தில் பானைகள், பாய்கள், ஒரு தையல் மெஷின், சுருட்டிய கொசுவலை எல்லாம் கிடந்தன. கட்டிலைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி, அதன்மேல் ஒமேனாச் சாக்கை அடுக்கி வைத்திருந்தாள் அகுமு. பார்த்தால் சாக்கு மட்டும்தான் தெரியும்.

"அமோலோ," என்றாள் அவள் உரக்க, "உன் அக்கா புருஷன்கிட்ட சொல்லு, வேலியப் பார்த்தே நிக்க வேணாம், கழுத்து பிடிச்சுக்கும். எல்லாத்தையும் மூடியாச்சு."

ஒக்வேனோ திரும்பினான். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். உள்ளே மருந்து சுவரில் படும் 'உஸ்' என்ற ஓசை அறை அறையாக நகர்ந்துவந்தது. முகமூடியும் கண்ணாடியும் போட்டிருந்த மருந்துக்காரன் கடைசி அறையையும் முடித்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

"ரெண்டு மணி நேரம் யாரும் உள்ள போகக்கூடாதும்மா."

"யாரு போறா?" என்றாள் அகுமு. அவன் படியிறங்கியதும் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைத் துணி முந்தியில் முடிந்துகொண்டாள்.