சேமியாவுக்கு வரன்

1

இந்தக் கதை ஒரு சுயநலத்தில் பிறந்தது. எனக்கு ஒரு பூனைக்குட்டி வேண்டியிருந்தது, அதுவும் ஓசியில்.

டில்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டியின் நான்காவது மாடியில் அம்சவேணி இருக்கிறாள். அவள் வளர்க்கும் பெர்சியன் பூனையின் பெயர் சேமியா. அந்த முடியைப் பார்த்தால் உங்களுக்கும் வேறு பெயர் தோன்றாது. அது குட்டி போட்டால் முதல் குட்டி எனக்குத்தான் என்று சொல்லிவைத்திருந்தேன். குட்டிக்கு முன்னால் கதை வந்துவிட்டது.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ரொம்ப நியாயமானவள் மாதிரிப் பேசுவேன். நம்பிவிடாதீர்கள்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"டில்லியின் பனிமூட்டத்தை ஊடுருவிக்கொண்டு ஒரு பூனை..." வேண்டாம். பனிமூட்டத்தில் தொடங்கும் டில்லிக் கதைகளை நானே படிப்பதில்லை.

"பிராணிகளின் இனப்பெருக்கத்தில் மனிதன் தலையிட ஆரம்பித்த காலந்தொட்டு..." இது பரீட்சைக் கட்டுரை.

"ஏனுங்க்கா, நம்ம சேமியாவுக்கு ஒரு எடம் வந்திருக்குதுங்."

இது அம்சவேணி என் வீட்டு வாசலில் நின்று சொன்னது. ஈரோட்டை விட்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் அந்த 'ங்' அவளை விடவில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை வீட்டை 'இடம்' என்று சொல்வது நம் வழக்கம். இந்தக் கதை கெட்டுப்போனதும் அந்தப் பேச்சினால்தான்.

3

இடம் மயூர் விஹாரில். மாப்பிள்ளையின் பெயர் மேஜர், சாம்பல் நிறம். வளர்ப்பவர் சேஷன், மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கும் படலம் வீடியோ காலில் முடிந்தது. சேமியா கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "அடக்கமான பொண்ணு" என்றார் சேஷன்.

சேமியாவுக்கு ஊசி போடும் டாக்டர் மதுமதி மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சேர்த்துவைப்பதற்கு முன் இரண்டு பூனைகளின் கன்னத்திலும் பஞ்சால் தடவி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். பரம்பரை நோய் ஏதாவது உண்டா என்று மரபணுவில் பார்த்துச் சொல்வார்கள்.

"ஜாதகந்தானுங், வாங்கிப்போடலாம்" என்றாள் அம்சவேணி.

மூன்று வாரத்தில் இரண்டு ரிப்போர்ட்டும் வாட்ஸாப்பில் வந்தன. பார்வை போகும் ஒரு நோய்க்கு எதிரே, இரண்டிலும் ஒரே சொல்: கேரியர். அரை மணி நேரத்தில் சேஷனிடமிருந்து போன்.

"பேஷாப் பொருந்திடுத்தும்மா! உங்காத்துப் பொண்ணும் கேரியர், எங்காத்துப் பிள்ளையும் கேரியர். ரெண்டு பேருக்கும் செவ்வாய் தோஷம் இருந்தா தோஷ நிவர்த்திதானே? ஒருத்தருக்கு மட்டும் இருந்தாத்தான் வம்பு. ஜல்தி ஒரு நாள் பாருங்கோ."

அம்சவேணி கேசரி கிளறினாள்.

(இங்கே நீங்கள் சேஷனைச் சந்தேகிப்பீர்கள். படித்த மனிதர் இப்படிப் பேசுவாரா, சிரிப்புக்காக இட்டுக்கட்டினாயா என்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்து, கதையிலிருந்து அவரை அடித்துவிட்டு ஒரு ஜோசியரைப் போட்டுப் பார்த்தேன். பாத்திரம் நின்றது, கதை படுத்துவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். சேஷன் பேசியபோது ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நானும் தலையாட்டினேன். நான் எம்.எஸ்ஸி. தாவரவியல். நெட்டைப் பட்டாணிக்கும் குட்டைப் பட்டாணிக்கும் கட்டம் போட்டுக் காட்டிப் பாஸானவள். அன்று கேசரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.)

4

நாள் குறித்துவிட்டோம் என்று சொல்ல, சேமியாவைக் கூடையில் வைத்து ஜனக்புரியில் இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் மதுமதி டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ் அவ்வப்போது ஹிந்தியில் இறங்கி ஏறும்.

"அரே, நஹீ ஆன்ட்டி! ரெண்டும் கேரியர்னா சேக்கவே கூடாது."

"கேரியர்னா சோறு கொண்டுபோறதுங்களே கண்ணு, அதுல என்னங் தப்பு?"

டாக்டர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"அச்சா, அதையே வெச்சுக்கலாம். சேமியாகிட்ட ரெண்டு டப்பா இருக்கு. ஒண்ணுல நல்ல சாப்பாடு, ஒண்ணுல கெட்டுப்போனது. நல்லது ஒண்ணு இருக்கறதால அவளுக்கு ஒண்ணும் ஆகாது. மேஜர்கிட்டயும் அப்படியே ரெண்டு டப்பா. குட்டி அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணு எடுத்துக்கும். தெறந்து பாக்க முடியாது. ரெண்டுமே கெட்டதா வந்துட்டா, நாலு மாசத்துக்குள்ள கண்ணு போயிடும். ஒவ்வொரு குட்டிக்கும் நாலுல ஒரு சான்ஸ்."

அம்சவேணி கூடையின் மூடியைத் திறந்து சேமியாவின் தலையில் கை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"ஒருக்காவாச்சும் குட்டி போட்டாத்தான் பொட்டப் பூனைக்கு ஒடம்பு நல்லாயிருக்கும்னாங்களே?"

"யாரு சொன்னா?"

அம்சவேணி என்னைப் பார்த்தாள்.*

"அப்படியெல்லாம் இல்ல ஆன்ட்டி. உல்டா. சின்ன வயசுலயே கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டா கர்ப்பப்பையில சீழ் வராது, மார்புல கட்டி வர்றதும் குறையும்."

* ஆமாம், நான்தான் சொன்னேன். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். குட்டி வேண்டும் என்கிறவர்களுக்கு இதெல்லாம் தானாகவே தெரிந்திருக்கும்.

5

திரும்பும்போது ஆட்டோவில் அம்சவேணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் எனக்கு வேலை இல்லை.

"கடையில கூண்டுல வெச்சிருந்தாங்க்கா. இவ அம்மா எங்கீன்னு கேட்டேன், தெரியாதுன்னுட்டாங்க. இவளப் பெத்தவள நான் பாக்கல. இவ பெத்ததையாவது பாக்கோணும்னு ஆசைங். அவ்வளவுதானுங்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய ஆசைக்கு முன்னால் என் ஆசை ரொம்பச் சின்னது.

சேஷனிடம் அவளே போனில் சொன்னாள். "அடடா, கண்ணு போற விஷயமா? நான் ஒரு அசடு. மேஜர் பிரம்மச்சாரியாவே இருக்கட்டும். நாளைக்கே ஆபரேஷனுக்குச் சொல்லிடறேன்" என்றார். நான் அடித்துத் தள்ளிய பாத்திரம், முடிவெடுக்க என்னைவிடக் குறைவான நேரமே எடுத்துக்கொண்டது.

6

முடிவுகள்.

(அ) மேஜரும் சேமியாவும் எப்படியோ சேர்ந்துவிடுகிறார்கள். நான்கு குட்டி. நான்குக்கும் பார்வை உண்டு. ஒன்று என் மடியில். இதைத்தான் முதலில் எழுதினேன், நன்றாகவும் வந்தது. கதையில் பூவா தலையா போட்டால் எப்போதும் எனக்கு வேண்டியதுதான் விழும். ஆகவே கிழித்துவிட்டேன்.

(ஆ) குருகிராமில் ஓர் ஆண் பூனை இருக்கிறது, இந்த நோயைப் பொறுத்தவரை அதன் இரண்டு டப்பாவிலும் நல்ல சாப்பாடுதான். அதனோடு சேர்த்தால் இந்த நோயால் எந்தக் குட்டிக்கும் கண் போகாது. ஆனால் பாதிக் குட்டிகள் கேரியர் ஆகலாம். ஒவ்வொன்றையும் பரிசோதித்து, சொல்லிக் கொடுத்து, அதற்கும் ஆபரேஷன் செய்கிறவர்களாகப் பார்த்துத் தர வேண்டும். "தப்பில்ல ஆன்ட்டி, ஆனா பொறுப்பு நெறைய" என்றார் டாக்டர்.

(இ) ஆபரேஷன். சேமியா பத்து நாள் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு முறைத்துக்கொண்டு திரியும். அப்புறம் மறந்துவிடும். அம்சவேணி மறப்பாளா என்று...

ஆபரேஷன் சம்மதப் படிவம் அவள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கையெழுத்து இல்லை. நேற்று, "நீங்கதானுங்க்கா கதை எழுதறீங்க, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்" என்றாள்.

நான் சொல்லக் கூடாது. குட்டிக்குச் சொல்லிவைத்தவள் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. நீங்கள் யாரிடமும் குட்டி கேட்கவில்லை, நீங்களே எழுதுங்கள். ஆபரேஷன் என்றால் ஒரு வரி போதும். குட்டிகள் என்றால், எத்தனை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு வீட்டு விலாசம் எழுதுங்கள். பதினைந்து வருடத்துக்குச் செல்லுபடியாகிற விலாசமாக.

நானும் எழுதிப் பார்த்தேன். நான்கு குட்டி. முதலாவதற்கு நேரே என் பெயரைப் போட்டேன். நாங்கள் இருப்பது வாடகை வீடு, ஆகஸ்டில் காலி செய்கிறோம். பேனா பெயரோடு நின்றுவிட்டது.

இந்தாருங்கள், பேனா.