முப்பது அங்குலம்

ஜெனரலுக்குப் பட்டாளத்தில் ‘முப்பது’ என்று பெயர். அவர் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் “முப்பது வருது, பொத்தானைப் போடு” என்று ஒருவன் கிசுகிசுத்தால் சமையற்கட்டிலிருந்து அலுவலகம் வரைக்கும் எல்லோரும் விறைத்துக்கொள்வார்கள். வயதைச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அவருக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. முப்பது என்பது அடியின் அளவு. அணிவகுப்பில் ஒரு குதிகாலுக்கும் அடுத்த குதிகாலுக்கும் நடுவே முப்பது அங்குலம் இருக்க வேண்டும் என்பது அந்த ராணுவத்தின் சட்டம். வாட்டசாட்டமான ஆண்களின் காலை அளந்து என்றைக்கோ எவரோ எழுதி வைத்தது. ஐந்தடி ஓர் அங்குலம் உயரமுள்ள பெண்ணான ஜெனரல் அந்த முப்பதை ஒரு நாள்கூடக் குறைக்காமல் நடந்து காட்டினார். அவருடைய புகழ், பதவி, பள்ளிப் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

முதன்முதலாகப் பெண்களைப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்த வருஷம் ஒன்பது பேர் போனார்கள். எட்டுப் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். இவர் ஒருவர்தான் நின்றார். டிரில் மாஸ்டர், கவராயம் போல விரிகிற ஒரு மரக்கோலை முப்பது அங்குலத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டு இவர் பக்கத்திலேயே நடப்பார். கால் ஒரு விரற்கடை குறைவாக விழுந்தால் மொத்த அணியும் மைதானத்தை இன்னொரு சுற்று வர வேண்டும். அப்புறம் நூற்று இருபது ஆண்கள் இவரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்தே இவர் காலை எட்டிப் போட்டார்.

பாடப்புத்தகத்தில் வராத பகுதி ஒன்று உண்டு. நான்காவது மாதம் அவருக்குக் கவட்டருகே ஒரு வலி வந்தது. படி ஏறினால் வலித்தது, பிறகு இருமினாலே வலித்தது. விடுப்பில் வெளியூர் போய், “துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை” என்று பொய் சொல்லி ஒரு சின்ன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் இரண்டு இடத்தில் மயிரிழை விரிசல். மூன்று மாதம் படுக்கை என்றார் டாக்டர். விடுப்பில் மிச்சம் இருந்தது ஒன்பது நாள். ஒன்பது நாள் படுத்தார், பத்தாம் நாள் முப்பது அங்குலம் நடந்தார். எக்ஸ்ரேயைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் மருத்துவப் படிவத்தில் ‘இதற்கு முன் எலும்பு முறிவு உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தாறு தடவை. ராணுவத்தில் இதற்குப் பெயர் பொய் வாக்குமூலம், தெரிந்தால் பதவி போய்விடும். ஆனாலும் அவர் சட்டத்துக்குப் பயந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். “நாங்கதான் அப்பவே சொன்னோமே” என்று மீசைக்கு அடியில் எவனாவது சிரிப்பானே, அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தார்.

இந்த வருஷம் துணைத் தளபதி பதவிக்கு அவர் பெயர் அடிபட்டது. ராணுவத்தின் இரண்டாவது நாற்காலி, அதுவரை எந்தப் பெண்ணும் பக்கத்தில்கூடப் போகாதது. வியாழக்கிழமை நேர்காணல். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, பயிற்சிப் பள்ளியின் டாக்டர் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு வந்தார். மேஜர் அந்தஸ்தில் இருந்த பெண், முப்பத்தைந்து வயது இருக்கும்.

“அறுபத்திரண்டு பொண்ணுங்க சேர்ந்தாங்க மேடம். பதினாலு பேருக்கு இடுப்பெலும்புல விரிசல். எல்லாம் குட்டையான பொண்ணுங்க. எல்லாருக்கும் ஒரே இடம்.”

“சாப்பாடு சரியில்லாம இருக்கும்.”

“அதே சாப்பாடுதான் பையன்களும் சாப்பிடுறாங்க. அவங்களுக்கு வரலையே. இவங்க காலை எட்டிப் போடுறாங்க மேடம், அதான் காரணம். முப்பதை இருபத்தேழாக் குறைச்சாப் போதும். மூணே அங்குலம். குறைச்சாத்தான் இது வேலையில வந்த காயம்னு ஆகும், இவங்களை அலுவலகப் பிரிவுலயாவது வெச்சுக்கலாம். இப்ப சட்டப்படி அடி சரி, உடம்புதான் தப்பு. ‘உடல் அமைப்பில் குறை’ன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடறாங்க.”

“பயிற்சி விதிக் குழு என்ன சொல்லுது?”

“‘முப்பது’ என்ன சொல்றாங்களோ அதுதான்னு...” டாக்டர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “உங்க கருத்துதான் முடிவுன்னு சொல்றாங்க மேடம்.”

ஜெனரலுக்கு அந்தப் பட்டப்பெயர் முப்பது வருஷமாகத் தெரியும், உள்ளுக்குள் பிடிக்கவும் செய்யும். அதனால் முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். டாக்டர் அதோடு கிளம்பியிருக்கலாம். நல்ல மனசுக்காரர்களுக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்பது தெரிவதில்லை.

“ஒண்ணு கேக்கலாமா மேடம்? நீங்க உக்காரும்போது இடது கையை ஊனித்தான் உக்கார்றீங்க. என்கிட்ட வர்ற பொண்ணுங்களும் அப்படித்தான் உக்கார்றாங்க. விரிசல் ஆறினாலும் எலும்புல தழும்பு நிக்கும். உங்களுக்கு ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துக் குழு முன்னாடி வெச்சாப் போதும். பதினாலு பேரும் தப்பிச்சிடுவாங்க.”

ஜெனரலுக்கு முதலில் உடம்பு கூசியது. தெருவில் யாரோ சேலையைப் பிடித்து இழுத்துவிட்டது போலிருந்தது. அப்புறம் கோபம் வந்தது. வந்த கோபத்தை அவர் வீணாக்குகிற ஆள் இல்லை.

“டாக்டர், எல்லை முகாம்ல ஆறு மாசமா டாக்டர் இல்லையாம். நாளைக்குக் காலையில வண்டி வரும், கிளம்பிடுங்க.”

“மேடம்... என் குழந்தைக்கு ரெண்டு வயசு.”

“அங்க முழங்கால் வரைக்கும் பனி. யாரும் உங்களை முப்பது அங்குலம் நடக்கச் சொல்ல மாட்டாங்க.”

டாக்டர் போனதும் ஜெனரல் கோப்பைத் திறந்து தன் கையாலேயே எழுதினார்: ‘முப்பதே இருக்கட்டும். ஓர் அங்குலமும் குறைக்க வேண்டியதில்லை. நான் நடந்திருக்கிறேன்.’ வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. கையெழுத்துப் போடுகிற நேரம் வரைக்கும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைபேசி அடித்தது. அவருடைய தம்பியின் ஒரே மகள். வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்று பெயர். ஜெனரல் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பிள்ளை என்று கொஞ்சியதெல்லாம் இவளைத்தான், அதுவும் வருஷத்துக்கு நாலு நாள். மூன்று வயதில் அத்தையின் தொப்பியைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் உட்காரப் பார்த்தவள், ஐந்து மாதத்துக்கு முன்னால் அதே பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்தாள். உயரம் சரியாக ஐந்தடி. அந்தக் குடும்பத்தில் பெண்கள் யாரும் அதற்கு மேல் பெரிதாக வளர்ந்துவிடவில்லை.

“அத்தை, வாலு பேசறேன். பத்து நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. திட்டுறதா இருந்தா சீக்கிரம் திட்டிடுங்க.”

“விஷயத்தைச் சொல்லு.”

“கவட்டுக்கிட்ட ஒரு வலி அத்தை. படி ஏறினா உயிர் போகுது. டாக்டரம்மாகிட்ட காட்டலாம்னு போனா, அவங்களை எங்கயோ தூக்கி அடிச்சிட்டாங்களாம். யாரு புண்ணியமோ தெரியல. புது டாக்டர் வர்ற வரைக்கும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் குடுத்துப் போகணுமாம். போகட்டுமா?”

இருமினால் வலிக்கிறதா என்ற கேள்வி ஜெனரலின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த வலி எங்கே ஆரம்பித்து எங்கே போய் நிற்கும் என்று விரலை வைத்துக் காட்ட அவரால் முடியும். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் அவள் பெயர் பதினைந்தாவதாகப் பட்டியலில் ஏறும். யாருடைய தம்பி மகள் என்று பள்ளியில் தெரியாதவர் கிடையாது. வியாழனுக்கு இன்னும் நாலே நாள். முப்பதின் வீட்டிலேயே முப்பது நடக்க முடியவில்லை என்று சிரிப்பார்கள்.

“நடக்க முடியுதா?”

“பல்லைக் கடிச்சுக்கிட்டா முடியுது.”

“அப்ப கடிச்சுக்கோ.”

வாலு சிரித்தாள். “சரிங்க அத்தை. நீங்க நடந்தீங்க, நான் நடக்க மாட்டேனா?”

வியாழக்கிழமை ஐந்து ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து ஜெனரலைக் கேள்வி கேட்டார்கள். அவர்களில் ஒருவர் பெண்களின் அடியைக் குறைப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று நைசாகத் தூண்டில் போட்டார். “இன்னைக்கு அடியைக் குறைச்சா நாளைக்கு எதைக் குறைப்பீங்க, துப்பாக்கியையா?” என்றார் ஜெனரல். ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாங்கள் சொல்ல ஆசைப்பட்டதை ஒரு பெண்ணே சொல்லிவிட்டால் ஆண்களுக்கு வருகிற சந்தோஷம் தனி. மறுநாள் காலையில் ஆணை கைக்கு வந்தது. துணைத் தளபதி, அந்த நாட்டின் முதல் பெண். பத்திரிகைக்காரர்கள் அவரை நடக்கவிட்டுப் படம் எடுத்தார்கள்.

அதற்கடுத்த நாள் அணிவகுப்பு ஒத்திகையில் வாலு விழுந்தாள். இடது வலது என்று கால்கள் ஒன்றாக விழுகிற சத்தத்துக்கு நடுவே, சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாக டிரில் மாஸ்டர் எழுதியிருந்தார். இவளுக்கு விரிசல் தொடை எலும்பின் கழுத்தில் இருந்திருக்கிறது, அதோடு நடந்து நடந்து அது இரண்டாகப் போயிருந்தது. மூன்று திருகாணி போட்டு இறுக்கினார்கள். இனி தாங்கித் தாங்கித்தான் நடப்பாள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெனரல் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்பது நாள் ஆயிற்று. பதவியேற்பு, விருந்து, வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் என்று ஓயாத வேலை. போனபோது தோளில் புதுப் பட்டை மின்னியது. வராந்தாவில் அவருடைய தம்பி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தபால் அலுவலகத்தில் வேலை, இந்த ஒன்பது நாளும் அந்த நாற்காலியிலேயே கிடந்திருக்கிறார் என்று சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. அக்காவைக் கண்டதும் பதறி எழுந்தார்.

“இவ்வளவு வேலைக்கு நடுவுல வந்துட்டீங்களேக்கா,” என்று கண் கலங்கினார். “வலிக்குதுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலைக்கா இந்தப் பொண்ணு. உங்ககிட்டயாவது சொன்னாளா?”

“இல்லப்பா.”

“அவ அழுத்தம் அப்படி. உங்களை மாதிரியே.”

உள்ளே வாலு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கால் தலையணைகளின் மேல் நீட்டிக் கிடந்தது. மடியில் ஓர் அட்டை, அட்டையில் ஒரு படிவம். அத்தையைப் பார்த்ததும் பழக்கத்தில் கை நெற்றிக்குப் போனது, பாதியில் சிரித்துக்கொண்டே இறக்கினாள்.

“உங்ககிட்ட போன்ல பேசினதை அப்பாகிட்ட சொல்லலை அத்தை. பயப்படாதீங்க.”

ஜெனரல் நாற்காலியை இழுத்தார். இடது கையை ஊன்றாமல் உட்கார்ந்தார். வலித்தது.

“இதை இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள குடுக்கணுமாம்,” என்று வாலு படிவத்தைத் தட்டினாள். “ரெண்டு கட்டம் இருக்கு. ‘பணியால் ஏற்பட்டது’ன்னு போட்டா விசாரணை வைப்பாங்க. ஜெயிச்சா அலுவலகப் பிரிவுல இருக்கலாம். ‘உடல் அமைப்பால் ஏற்பட்டது’ன்னு போட்டா இன்னியோட வீடு. டாக்டரம்மா இருந்தப்ப, உடம்பு தப்பில்லை, அடிதான் தப்புன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஆனா நீங்க நடந்திருக்கீங்களே. என்னைவிட ஒரு அங்குலம்தான் உசரம். அதான் உங்களைக் கேட்டுட்டுப் போடலாம்னு வெச்சிருக்கேன்.” சிரிப்பை விட்டுவிட்டு நேராகப் பார்த்தாள். “உங்களுக்கு இந்த வலி வந்துச்சா அத்தை? ஒரே ஒரு தடவையாவது?”

அறையில் வேறு யாரும் இல்லை. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் வெளியே சொல்ல மாட்டாள் என்பதற்குக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற தகப்பனே சாட்சி. ஆனால் முதல் கட்டத்தில் குறி போட்டால் விசாரணை வரும். விசாரணை வந்தால் பனி முகாமிலிருந்து அந்த டாக்டரைக் கூப்பிடுவார்கள். டாக்டர் எக்ஸ்ரே என்பார். ஜெனரல் இதையெல்லாம் நினைத்து முடிக்க, தொண்டையைச் செருமுகிற நேரம்கூட ஆகவில்லை. அவள் முகத்தைப் பார்க்க நெஞ்சு வலித்தது, அதுவும் உண்மைதான்.

“இல்ல,” என்றார். “எனக்கு வந்ததே இல்ல.”

வாலு நம்பினாள். தன் காலைக் கொஞ்ச நேரம், யாருடைய காலையோ பார்ப்பது போல, பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப கோளாறு என் உடம்புலதான். நானும் அப்படித்தான் நினைச்சேன். சும்மா பட்டாளத்து மேல பழி போடப் பாத்தேன் பாருங்க.”

இரண்டாவது கட்டத்தில் குறி போட்டாள். கையெழுத்துப் போட்டாள். தேதி என்ன என்று கேட்டாள், ஜெனரல் சொன்னார், அதையும் எழுதினாள். பிறகு, குமாஸ்தா கீழே இருப்பார், போகிற வழியில் கொடுத்துவிட முடியுமா என்று படிவத்தை அத்தையிடம் நீட்டினாள்.

ஜெனரல் வாங்கிக்கொண்டார்.