குவான் வீதி வழியாக ஒரு நேர்த்தி

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. 2006 என்று நினைக்கிறேன். சேவியர் அதற்கு அடுத்த வருடம் என்கிறான். சிவநேசம் அக்கா ஆற்றில் இறங்கியபோது ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது என் நினைவு. ஏதோ தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார் என்பது அவன் நினைவு. மௌனத்தை விரும்புகிறவன் என்பதால் அந்த இடத்தில் நானே ஒரு மௌனத்தை வைத்துக்கொண்டேனோ என்னவோ. மற்றவையெல்லாம் நடந்தவை.

நானும் சேவியரும் அப்போது மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், அக்காவின் வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் மதுரையிலிருந்து படிக்க வந்தவன். சேவியர் தூத்துக்குடிக்காரன், மென்பொருள் வேலை. விடுமுறை நாட்களில் வழி தேடிக் கிளம்பிவிடுவான். வீடுகளின் பின்பக்கச் சந்துகள், ரயில்பாதை வேலியில் யாரோ வெட்டிவைத்த ஓட்டைகள், முன்பு அங்கே குடியிருந்த கிரேக்கர்கள் வீட்டை விற்றுப் போனபின்னும் வேலியில் காய்த்துக்கொண்டிருக்கும் திராட்சைக் கொடிகள் எல்லாம் அவனுக்குத் தெரியும். வடக்கே ஆற்றோரமாகப் போகும் குவான் வீதி இந்த மொன்றியல் தீவின் பழைய பாதைகளில் ஒன்று என்பான். நிலத்தைப் பங்கிட்டபோது ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொஞ்சமாவது ஆறு கிடைக்க வேண்டுமென்று நீளநீளமான கீற்றுகளாக வெட்டினார்களாம். அவன் பேசுவான், நான் பேச வேண்டியதில்லை. அதனால் எங்களுக்கு ஒத்துப்போனது.

அந்தக் குளிர்காலத்தில் அக்காவின் மகள் ஆர்த்திகாவுக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பிள்ளை எழுந்து நடந்தால், கோடைத் திருவிழாவில் தேர் புறப்படுவதற்கு முன் தானும் வீட்டு வாசலிலிருந்து முருகன் கோயில்வரை நடந்தே வருவதாக அக்கா நேர்ந்துகொண்டார். பிள்ளை எழுந்து நடந்தாள். கோயிலோ பியர்பொன்ட்ஸ் பக்கம், கார் இல்லாமல் யாரும் போகாத புறநகரில் இருந்தது.

அக்காவின் கணவர் நகுலேஸ்வரன் அண்ணை சிரித்தார். "அங்க நடக்க ரோட்டே இல்லையப்பா. ஹைவேயில நடந்தீரெண்டால் முருகனுக்கு முதல் பொலிஸ்தான் உமக்குக் காட்சி குடுப்பான்."

"பகிடி விட்டது காணும்," என்றார் அக்கா. "வருத்தம் திரும்ப வராது எண்டு டொக்டர் ஒருத்தரும் சொல்லேல்லை. நேர்ந்ததை நான் செய்யாமல் விட்டு, பேந்து பிள்ளைக்கு ஒண்டெண்டால் ஆரைக் கேக்கிறது?"

பிறகு சேவியரிடம் வந்தார். "தம்பி, நீங்கள் ஊர் சுத்திற ஆள்தானே. எனக்கொரு வழி கண்டுபிடிச்சுத் தாங்கோ."

கேட்டதே அவனுக்குப் பெருமை. பல வாரங்கள் அலைந்து வழியைக் கண்டுபிடித்தான். சந்துகள் வழியாக வடக்கே போய், குவான் வீதியைப் பிடித்து, மேற்கே ஆற்றோடு நடந்து, ரொக்ஸ்பரோ தாண்டித் தெற்கே திரும்ப வேண்டும்.

தேரன்று விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். அக்கா பட்டுச்சேலையும் கான்வாஸ் சப்பாத்துமாக இருந்தார். விரதம் என்பதால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கைப்பையில் ஒரு தேங்காயும் கற்பூரமும் இருந்தன. அண்ணையும் ஆர்த்திகாவும் பிறகு காரில் வருவதாக ஏற்பாடு. பெருவீதிப் பாலங்களுக்கு அடியில் நடந்தோம், பங்களாக்களின் பின்வேலிகளை ஒட்டி நடந்தோம். நேரம் இன்னும் நிறைய இருந்தது.

ஓரிடத்தில் வீதி வளைந்து சுற்றிப் போயிற்று. அங்கே மரங்களுக்கிடையில் இருந்த ஒரு இடைவெளியில் சேவியர் எங்களை உள்ளே கூட்டிப்போனான். நிழலும் புல்லுமாக அழகான இடம். நான் அங்கே கொஞ்சம் மெதுவாக நடந்தேன். பாசி பிடித்த கற்கள் புல்லுக்குள் சாய்ந்து கிடந்தன. நடுவில் வந்ததும் அக்கா நின்றார்.

"தம்பி, இது என்ன இடம்?"

"பழைய கல்லறைத் தோட்டம் அக்கா. இந்தப் பக்கம் முதல்ல குடியேறினவங்க. நூறு வருஷத்துக்கு மேல யாரையும் இங்க புதைக்கல." இன்னும் சொல்லப் போனவன் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நூறு வருசமெண்டால் சவக்காலை சவக்காலை இல்லையோ?"

தூத்துக்குடியில் அவன் வீட்டார் பூசைக்குப் போவதே கல்லறைகளுக்கு நடுவில்தான். மாதா கோயிலும் கல்லறையும் அவனுக்கு ஒரே வளாகம். சவம் இருக்கும் இடத்தை மிதித்தவர் தலை முழுகாமல் கோயில் வாசலை மிதிக்க மாட்டார் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. எனக்குத் தெரியும். ஆனால் அந்த வழியை நான் முன்னால் பார்த்ததில்லை.

அக்கா கைத்தொலைபேசியில் அண்ணையை அழைத்து நடந்ததைச் சொன்னார். மறுமுனைக் குரல் எங்களுக்கும் கேட்டது.

"தெரியாமல் மிதிச்சதுக்கு முருகன் ஒண்டும் சொல்ல மாட்டார். தேர் வெளிக்கிடப் போகுது, கெதியா வாரும்."

"அவர் சொல்ல மாட்டார். எனக்கு மனம் கேக்காது."

"அப்ப நான் காரைக் கொண்டு வாறன். வீட்டை வந்து முழுகிப்போட்டு..."

"கார் ஏறினால் நேர்த்தி எங்க இருக்கு?" தொலைபேசியை அணைத்தார்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீதிக்குத் திரும்பினார். பிறகு அக்கா கேட்டார், "ஆறு எந்தப் பக்கம்?"

ஆறு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கரை முழுவதும் தனியார் வீடுகள். சேவியர் வேலி வேலியாக ஓடினான். பழைய கீற்று ஒன்று எங்காவது நகரசபையிடம் எஞ்சியிருக்கும், இருந்தே ஆகவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முதல் இரண்டு சந்துகளும் கராஜில் முடிந்தன. பிறகு இரண்டு வேலிகளுக்கு நடுவில், ஒருவர் மட்டும் நுழையக்கூடிய ஒரு நடைவழி கிடைத்தது. அதன் முடிவில் தண்ணீர்.

அக்கா தேங்காயை ஒரு மரத்தடியில் வைத்தார். இனி அது கோயிலுக்கு ஆகாது. சேலையோடு இறங்கி மார்பளவு நீரில் நின்று மூன்று முறை முழுகினார். நாங்கள் திரும்பி நின்றோம். பக்கத்து வீட்டுக் கிழவர் பயந்துபோய் ஒரு துவாயுடன் ஓடிவந்தார். அக்கா "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கும்பிட்டார், துவாயை வாங்கவில்லை.

கோயிலை அடைந்தபோது தேர் எங்களுக்கு முன்பே வீதி சுற்றி வந்து இருப்பிடத்தில் நின்றது. சுவாமிக்குப் பச்சைப் பட்டுச் சாத்திக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஈரம் காயாத சேலையோடு வாசலில் விழுந்து கும்பிட்டார். ஆர்த்திகா மோர்க் கோப்பையுடன் ஓடி வந்தாள்.

"அம்மா, ஏன் நனைஞ்சு போனீங்கள்?"

"குளிச்சனான்," என்றார் அக்கா.

சேவியர் மன்னிப்புக் கேட்டான். "நீங்கள் வழி காட்டினீங்கள். பாத்து நடக்கிறது என்ர வேலை," என்றார் அவனிடம். பிறகு அண்ணையிடம், "இது சரிவரேல்லை. வாற வருசம் திரும்ப நடப்பன்," என்றார். அண்ணை இந்த முறை பகிடி விடவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஆர்த்திகா மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அக்கா நேர்த்தி தவறியதையும் இதையும் சேர்த்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை; சேவியர்தான் சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தான். கோடையில் அக்கா மறுபடி நடந்தார். இம்முறை ஆர்த்திகாவும் கூட நடந்தாள். வளைவில் வீதியோடு சுற்றிப் போனார்கள். தேர் புறப்படும்போது அங்கே இருந்தார்கள்.

ஆர்த்திகா இப்போது லவாலில் மருந்தாளராக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். அண்ணை காலமாகிவிட்டார். அக்கா வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கிறார். முழங்கால் வலி, கோயிலுக்குக் காரில் போகிறார். சேவியர் கல்கரியில் வீடு வாங்கியிருக்கிறான். நான் மொன்றியலிலேயே இருக்கிறேன்.