மீனின் தாடை

தினேஸ்வரி தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழக விரிவுரையாளர். கிழக்குக் கரையின் மணற்பாறை ஒன்றில், டைனோசர் காலத்தில் பறந்து திரிந்த டெரோசாரின் எலும்புகளை அவள் கண்டெடுத்திருந்தாள். எலும்புகள் என்றால் இரண்டே துண்டுகள்: இறக்கையில் கொஞ்சம், பற்களோடு தாடையில் கொஞ்சம். அவற்றை வைத்துத்தான் முனைவர் பட்டம் வாங்கினாள். ஈப்போவில் திறக்கவிருந்த தனியார் காட்சிக்கூடம் ஒன்று, அந்தப் பிராணியை முழு உருவமாகச் செய்து மாட்ட விரும்பியது. கோப்பெங்கில் ஃபைபர் உருவங்கள் செய்யும் தர்மா வேலையை எடுத்துக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு முந்திய வாரம், பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிய ஸ்கேன் கருவியில் தினேஸ்வரி இரண்டு துண்டுகளையும் வைத்துப் பார்த்தாள். இறக்கை எலும்பு குழல்போல உள்ளே வெறுமையாக இருந்தது. பறக்கும் பிராணிக்கு அப்படித்தான் இருக்கும். தாடையோ உள்ளே கெட்டியாக இருந்தது. பல் வேர்களைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது. அது மீனுடையது. இத்தனை வருடமாக ஒரு மீனின் வாயைப் பறவையைப்போல் பறந்த ஒன்றுக்கு ஒட்டவைத்திருக்கிறாள்.

காட்சிக்கூட நிர்வாகி கீத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். பேனரெல்லாம் அச்சாகிவிட்டது, வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியப்போவதில்லை, அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம் என்றான் அவன். அவள் காரை எடுத்துக்கொண்டு நேரே கோப்பெங் போனாள்.

முன்பு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டு உலர்த்திய கொட்டகைதான் தர்மாவின் பட்டறை. இறக்கை விரித்தபடி உருவம் சங்கிலியில் தொங்கியது. நீண்ட வாய், வரிசைப் பற்கள், மஞ்சள் கண். அவள் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"தலைக்குத்தான் நான் ரொம்பப் பாடுபட்டேன் தங்கச்சி. வேற வாய் வச்சிரலாமா?"

"எந்த வாய்னு தெரியலண்ணே. தெரியாதத எப்படி வைக்கிறது?"

"தலை இல்லாம மாட்டுனா ஆளுங்க சிரிப்பாங்க லா."

"என்னப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்."

அவர் உருவத்தின் முகத்தை ஒருமுறை துணியால் துடைத்தார். பிறகு ரம்பத்தை எடுத்தார். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

திறப்பு விழாவில் சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். வேறு வழியில்லாமல் மாட்ட விட்ட கீத் அவளோடு பேசவில்லை. தலையில்லாத உருவத்தின் கீழே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் அவளே விளக்கம் சொன்னாள். முதல் ஆளிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. ஓர் அம்மா மட்டும், தாடை மீனுடையது என்றால் இறக்கையும் வேறு எதனுடையதாவது இருக்கலாமே என்று கேட்டார்.

இருக்கலாம் என்றாள் தினேஸ்வரி. அதைச் சொல்ல அவளுக்குப் பயமாக இல்லை.

பருவ விடுமுறை தொடங்கியதும் இரண்டு மாணவிகளோடு அந்த மணற்பாறைக்கு மறுபடியும் தேடப் போனாள். முதல் நாள் மழை. மறுநாளும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிப் பாறையைத் தட்டத் தொடங்கினார்கள்.